இடது தோளில் வைத்த பஞ்சு

உடுப்பைப் போட்டுப் பார்த்துத் திருத்துகிற அளவறைக்குப் புதிதாக வந்திருக்கிறவர்களுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று, நான் வேலை பார்த்து ஓய்வுபெற்ற கடையிலிருந்து கேட்டிருந்தார்கள். பிரெஞ்சில் எழுதினால் நல்லது என்றும் சொன்னார்கள். இருபத்திரண்டு வருடமாகப் பிரெஞ்சில் "கையைக் கீழே விடுங்கள், வயிற்றை எக்காதீர்கள்" என்று சொல்லிச் சொல்லி எனக்கு அந்த மொழியே அலுத்துப் போயிற்று. புதிதாக வந்த நான்கு பேரில் மூன்று பேர் தமிழர் என்று கேள்விப்பட்டதும் தமிழிலேயே எழுதுவதென்று தீர்மானித்துவிட்டேன். நான்காவது பிள்ளைக்கு நீங்கள் வாசித்துச் சொல்லுங்கள்.

சோக்குக்கட்டியை எப்படிப் பிடிப்பது, ஊசியை எந்தப் பக்கம் குத்துவது என்றெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அதெல்லாம் தெரியாமலா உங்களை வேலைக்கு எடுத்தார்கள்? நான் எழுதப்போவது நான் விட்ட ஒரு பிழையைப் பற்றி. ஒன்று என்று சொன்னாலும் சரியாகப் பார்த்தால் இரண்டு. முதலாவதை விட்டிருக்காவிட்டால் இரண்டாவதை என்னால் திருத்தியிருக்க முடியாது, ஆகையால் இரண்டையும் சொல்கிறேன்.

நான் யாழ்ப்பாணத்தில் தையல் பழகியவள். இங்கே மொன்ட்ரியாலுக்கு வந்து செயின்ட்-மிஷேலில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் குடியிருந்துகொண்டு, உடுப்புத் தொழிற்சாலையில் பத்து வருடத்துக்கு மேல் கை பொருத்தினேன். கோட்டுக்குக் கை பொருத்துவது மட்டும்தான் என் வேலை. முழுக் கோட்டை நான் கண்ணால் கண்டதே கிடையாது. உடம்பு ஒரு பக்கத்திலிருந்து வரும், கை மறுபக்கத்திலிருந்து வரும், நான் இரண்டையும் சேர்த்து அடுத்த மேசைக்குத் தள்ளிவிடுவேன். தொழிற்சாலை மூடியபோது எனக்கு நாற்பது வயது. இத்தாலிய ஆண்கள் உடுப்பு விற்கிற இந்தக் கடையில் ஆள் தேடுகிறார்கள் என்று அறிந்து வந்தேன். கை பொருத்துவதில் என்னை வெல்ல இந்த நகரத்தில் ஆள் இல்லை என்ற எண்ணமும் கூடவே வந்தது.

அப்போது அளவறைக்குத் தலைவியாக இருந்தவள் ஓர் இத்தாலியப் பெண். இங்கேயே பிறந்து வளர்ந்தவள், என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். எந்த நேரமும் சூயிங்கம் மென்றுகொண்டிருப்பாள். தன் பெயரைப் போடக்கூடாது என்று சொல்லிவிட்டாள், ஆகவே தலைவி என்றே எழுதுகிறேன். அவள் என்னோடு பேசியது பிரெஞ்சில். எனக்கு எப்படிக் காதில் விழுந்ததோ அப்படியே எங்கள் தமிழில் தருகிறேன்.

நான் சேர்ந்த இரண்டாவது மாதம் இத்தாலியின் நேப்பிள்ஸிலிருந்து ஒரு கோட் வந்தது. ஒரு வாடிக்கையாளருக்காகச் சொல்லிச் செய்வித்த கோட். பெட்டியைத் திறந்து பார்த்தால், ஐயோ, கை தோளோடு சேருகிற இடமெல்லாம் சின்னச் சின்னச் சுருக்கு! பாவாடை இடுப்பில் விழுகிற மாதிரிச் சுருக்கு. என் தொழிற்சாலையில் இப்படி ஒரு கோட் என் மேசையிலிருந்து போயிருந்தால் அன்றைக்கே என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். பாவம், எவனோ அவசரத்தில் தைத்துவிட்டான், கடைக்குக் கெட்ட பெயர் வரக்கூடாது என்று நினைத்தேன். மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன நேரம் பார்த்து இரண்டு கையையும் பிரித்து, ஒரு சுருக்கும் இல்லாமல் பொருத்தி, நீராவி பிடித்து, முட்டைக்கோது மாதிரி வழுவழுவென்று ஆக்கிக் கொக்கியில் கொழுவிவிட்டேன். அன்றைக்கு என் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கக்கூட இல்லை, அவ்வளவு உற்சாகம்.

தலைவி திரும்பி வந்தாள். கோட்டைப் பார்த்தாள். அவள் சூயிங்கம் மெல்லுவதை நிறுத்தியதை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன்.

"இதில இருந்த சுருக்கு எங்கை?"

"எடுத்துப்போட்டன்," என்றேன். "ஆரோ ஒழுங்கில்லாமல் தைச்சிருந்தினம்."

அவள் அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள். அழப்போகிறாளா சிரிக்கப்போகிறாளா என்று எனக்கு விளங்கவில்லை. கடைசியில் சிரித்தாள். பிறகு என்னைப் பக்கத்தில் இருத்தி விளக்கினாள். அந்தச் சுருக்கை வைப்பதற்கென்றே நேப்பிள்ஸில் ஒரு மனிதன் ஒரு நாள் முழுக்க இருந்து கையால் தைத்திருக்கிறான். கையின் வாய் தோளின் துளையைவிடப் பெரிது. அந்த மிச்சத்தைச் சுருக்கி உள்ளே விட்டால், கோட் அசையாமல் கை அசையும். அங்கே ஆட்கள் கையை ஆட்டாமல் கதைக்கமாட்டார்களே!

அவள் அன்றைக்குச் சொன்ன ஒன்றைத்தான் நீங்கள் மனத்தில் வைத்திருக்கவேண்டும்.

"இங்கிலாந்துக்காரன்ர கோட் பட்டாளத்திலயிருந்து வந்தது," என்றாள். "தோளில பஞ்சு, நெஞ்சில குதிரைமயிர்த் துணி. உள்ளுக்கு ஆள் எப்பிடிக் கூனி நிண்டாலும் கோட் நிமிந்து நிக்கும். அமெரிக்கக்காரன் பஞ்சைக் குறைச்சான், இடுப்பைத் தளர்த்தினான். கல்லூரிப் பெடியள் போட்டுக்கொண்டு புல்லில படுக்கலாம். எங்கட ஆக்கள் ரெண்டு பேரையும் பாத்தினம். அவன்ர துணியையும் வெட்டையும் எடுத்தினம், இவன்ர சுகத்தை எடுத்தினம். எங்கட ஊர் வெயிலுக்கு உள்ளுக்குக் கிடந்தது எல்லாத்தையும் உருவி எறிஞ்சினம். மிச்சம் இருக்கிறது ஆள்தான்."

அவளுடைய தகப்பன் ஒருநாள் கடைக்கு வந்தபோது இதைக் கண்ணால் கண்டேன். கோட் இங்கிலாந்துக் கம்பளித் துணி. சட்டைக் கொலரின் நுனியைத் பொத்தான் போட்டு மூடுகிறது அமெரிக்கப் பழக்கம், மனிதர் அந்தத் தெறியைப் பூட்டாமலே விட்டிருந்தார். சப்பாத்து அமெரிக்கக் கல்லூரிக்காரர் போடுகிற நாடா இல்லாத சப்பாத்து, அதுவும் காலுறை இல்லாமல். காற்சட்டை கணுக்காலுக்கு மேலே நின்றது. கழுத்துப்பட்டியின் பின்பக்கம் முன்பக்கத்தைவிட நீளம். எங்கள் பள்ளிக்கூட அதிபர் கண்டிருந்தால் பிரம்பெடுத்திருப்பார். ஆனால் கடையில் இருந்த எல்லோரும் வேலையை விட்டுவிட்டு அந்த மனிதரையே பார்த்தார்கள். நாங்கள் பாண் ரொட்டியையும் சம்பலையும் சேர்த்துச் சாப்பிடும்போது பாண் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று யாராவது நினைக்கிறோமா? அந்த மாதிரித்தான் அவர் உடுத்தியிருந்தார்.

எங்கள் ஆட்களுக்கோ கோட் என்றால் இன்றைக்கும் வெள்ளைக்காரத் துரையின் கோட்தான். விறைப்பாக நிற்கவேண்டும், மினுங்கவேண்டும். இந்த ஊரில் எங்கள் கலியாண வீடுகளில் பாருங்கள், கோட்டின் கைநுனியில் கடைக்காரன் அடையாளத்துக்குத் தைத்த பெயர்த்துண்டைக் கழட்டாமலே போட்டுக்கொண்டு திரிவார்கள். நான் ஒருவருக்கு அதை வெட்டப் போக, "ஐயோ, அது கிடக்கட்டும் அக்கா, அதுக்குத்தானே வாங்கினது" என்று கையை இழுத்துக்கொண்டார். சிரிக்காதீர்கள், உங்கள் வீட்டு அலுமாரியிலும் அப்படி ஒன்று தொங்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நான் கடைக்கு வந்து எட்டு ஒன்பது வருடம் இருக்கும். ஒரு சனிக்கிழமை காலை ஒரு தகப்பனும் மகளும் வந்தார்கள். மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர், மொன்ட்ரியால்-நோரில் வீடு. மகள் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்கிறவள், சின்ன உருவம், வாய் ஓயாது. ஆறு கிழமையில், அதாவது ஒன்றரை மாதத்தில், அவளுக்குக் கலியாணம். கோவில் வாசலிலிருந்து பீடம் வரைக்கும் தகப்பன் அவளைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். அதற்கு அவருக்கு ஒரு நல்ல கோட் வேண்டும் என்று அவள்தான் இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். அவர் பெயர் வேண்டாம், மன்னார் அண்ணை என்று வைத்துக்கொள்வோம்.

"அன்ரி, அப்பாக்கு விறைச்ச கோட் வேண்டாம்," என்றாள் மகள். "இத்தாலிக்காரர் போடுற மாதிரி, மெத்தெண்டு இருக்கிற ஒண்டு."

சாம்பலும் நீலமும் கலந்த ஒன்றை, அதே துணிக் காற்சட்டையோடு எடுத்துக் கொடுத்தேன். பஞ்சு இல்லை, உள் துணி பாதிதான். அவர் போட்டுக்கொண்டு மூன்று பக்கக் கண்ணாடிக்கு முன்னால் நின்றார். அவருடைய இடது தோள் வலது தோளைவிட நன்றாகத் தாழ்ந்திருந்தது. கோட்டின் இடப்பக்கம் கழுத்திலிருந்து அக்குள் வரைக்கும் சரிந்து மடிந்து விழுந்தது.

மகள் பின்னால் நின்று, "அப்பா, நல்ல வடிவாயிருக்கு!" என்று சிரித்தாள். அவர் கண்ணாடியில் தன்னைப் பார்க்கவே இல்லை. பார்வை ஒரு பக்கமாக ஒதுங்கியே நின்றது. வெட்கப்படுகிறார் என்று நான் அந்தக் கணமே தீர்ப்பு எழுதிவிட்டேன்.

மகள் சட்டை பார்க்க முன்பக்கம் போனாள். தோளுக்கு என்ன நடந்தது என்று மெல்லக் கேட்டேன்.

"இறைச்சி பக்டரி, தங்கச்சி. பதினெட்டு வருசம். வலக்கையில கொக்கி, இடத்தோளில மாடு." ஒரு கூச்சமும் இல்லாமல், மழை பெய்தது என்று சொல்கிற மாதிரிச் சொன்னார். அதையாவது நான் கவனித்திருக்கவேண்டும்.

"நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ அண்ணை, நான் பாத்துக்கொள்ளுறன்," என்றேன்.

"ஓம் தங்கச்சி," என்றார்.

எதைப் பார்த்துக்கொள்ளப்போகிறேன் என்று நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

அவர்கள் போன பிறகு தலைவியிடம் என் திட்டத்தைச் சொன்னேன். இடது தோளுக்குள் மூன்றடுக்குப் பஞ்சு வைத்து, நெஞ்சில் விறைப்புத் துணி கொடுத்து, இடது கையை அதே துணியில் பெரிய வாயோடு புதிதாக வெட்டிப் பொருத்தி, இரண்டு தோளையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவது. அவள் மென்றுகொண்டே கேட்டாள்.

"அவரிட்டக் கேட்டனியோ?"

"எங்கட ஆக்களிட்ட உப்பிடியெல்லாம் கேக்கிறேல்லை."

"ஏன்?"

"கேட்டால் மனம் நோகும். கலியாணத்தில முந்நூறு சனம் பாக்கும். வீடியோ எடுப்பினம். அதை லண்டனில, பாரிசில, ஊரில எல்லாம் போட்டுப் பாப்பினம். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை."

அவள் தோளைக் குலுக்கினாள். "உன்ர ஆக்கள். உனக்குத்தான் தெரியும்."

அந்த ஒரு சொல் என் தலைக்கேறிவிட்டது. ஓம், எங்கள் ஆட்களை எனக்குத்தான் தெரியும் என்று இருந்தேன். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்றால் மூன்று கால்தான். இரண்டு கிழமை வீட்டுக்குப் பிந்திப் போய் அந்தத் தோளைக் கட்டினேன். வேலையைப் பற்றி நானே சொல்லக்கூடாது, ஆனாலும் சொல்கிறேன், இங்கிலாந்துப் பட்டாளத்துத் தளபதிக்குப் போட்டாலும் பிழை பிடிக்கமாட்டான்.

இரண்டாம் முறை அளவு பார்க்க அவர் தனியாக வந்தார். போட்டுப் பார்த்தார். தோள் இரண்டும் தராசு பிடித்த மாதிரி நேராக நின்றன. கழுத்தை இரண்டு தரம் அங்கும் இங்கும் அசைத்தார். "நல்லாயிருக்கு தங்கச்சி," என்றார். பிறகு, "கொஞ்சம் தண்ணி கிடைக்குமோ?" என்று கேட்டார்.

பிள்ளைகளே, இந்த இடத்தில் நின்று யோசியுங்கள். எங்கள் ஆட்கள் விருந்துக்குப் போன வீட்டில் கறியில் உப்புக் கூடினால் என்ன செய்வார்கள்? நல்லாயிருக்கு என்பார்கள், தண்ணீர் கேட்பார்கள். உப்புக் கூடிப்போச்சு என்று வாய் திறந்து சொல்கிற ஆளை நான் கண்டதில்லை. செய்து தந்தவரின் மனம் நோகுமே! மன்னார் அண்ணையின் மனம் நோகும் என்று நான் கேட்கவில்லை, என்னுடைய மனம் நோகும் என்று அவர் சொல்லவில்லை. நான் மட்டும் ஓடிப்போய்த் தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டு, கோட் நன்றாய் அமைந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

கலியாண அழைப்பிதழைத் தகப்பனும் மகளும் கடைக்கே கொண்டுவந்து தந்தார்கள். நான் சைவக்காரி, ஆனாலும் கலியாணம் என்றால் கோவிலென்ன மாதாகோவிலென்ன. நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு நேரத்துக்கே போய் நடு வரிசை வாங்குப்பலகையில் இருந்தேன். என் கோட் நடந்து வருவதைப் பார்க்கவேண்டும் என்ற ஆசை, வேறென்ன!

பூசை தொடங்க அரைமணித்தியாலம் இருக்கும்போது மணப்பெண்ணின் தம்பி என்னைத் தேடிக்கொண்டு வந்தான். முகம் சரியில்லை. "அன்ரி, ஒருக்கா வாங்கோ. அப்பா நடக்கமாட்டாராம்."

வாசலுக்குப் பக்கத்து அறைக்குள் போனேன். மகள் வெள்ளை உடுப்போடு நின்றாள், கண் மை கரைந்து கன்னத்தில் இறங்கியிருந்தது. மன்னார் அண்ணை ஒரு கதிரையில் அந்தக் கோட்டோடு பலகை மாதிரி நிமிர்ந்து இருந்தார்.

"கால் நோகுது தங்கச்சி," என்றார் என்னைக் கண்டதும். "தம்பி கூட்டிக்கொண்டு போகட்டும். ஆர் கூட்டிக்கொண்டு போனால் என்ன."

"பொய் அன்ரி!" என்றாள் மகள். "அப்பாக்குக் காலில ஒண்டுமில்லை. இப்ப நாங்கள் ரெண்டு பேரும் ஒருக்கா நடந்து பாத்தனாங்கள். நான் கையைப் பிடிச்ச உடன கோட் முழுக்க அந்தப் பக்கம் சரியுது. அது சரியாமல் இருக்க அப்பா தோளைத் தூக்கிப் பிடிக்கிறார். தூக்கிப் பிடிச்சால் கை நடுங்குது."

"படம் வடிவா வரவேணும்," என்றார் அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு. "அவ்வளவு கஷ்டப்பட்டுத் தைச்சுத் தந்திருக்கிறா. நான் அதைக் குழப்பக்கூடாது."

"எனக்குப் படம் வேண்டாம், அப்பா. நீங்கள் வராட்டி நான் நடக்கமாட்டன். இதிலயே நிப்பன்."

நான் அவர் கொலருக்கும் கழுத்துக்கும் நடுவில் விரலை விட்டேன். இடப்பக்கம் இரண்டு விரல் போனது. வலப்பக்கம் கழுத்தில் சிவப்பாய் ஒரு கோடு. பஞ்சுக்குக் கீழே வெறும் காற்றுத்தான் இருந்தது. நான் கட்டிய தோளைப் பதினெட்டு வருடம் மாடு சுமந்த அந்த மனிதர் இப்போது தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை என்று கேட்டிருக்கிறேன், அன்றைக்கு என் கையாலேயே செய்திருந்தேன். எனக்கு அழுகை வந்தது. அதைவிட என் மேல் ஆத்திரம் வந்தது.

பாதிரியாருக்கு அடுத்த பூசை இருந்தது, பிந்த முடியாது. மகனுடைய கோட்டை மாற்றிப் போடலாமா என்று பார்த்தேன், அது மெலிந்த பெடியனின் கோட், அவருக்குக் கை நுழையாது. பஞ்சு சரியாமல் உள்ளே இன்னும் தையல் போடலாமா? போட்டால் கோட் நிற்கும், மனிதர் நிற்பாரா? பஞ்சை உருவினால் இடப்பக்கம் முழுக்கச் சரிந்து விழும், முந்நூறு சனம் பார்க்கும். என்ன செய்வதென்று தெரியாமல் தலைவிக்குப் போன் எடுத்தேன். சனிக்கிழமை, கடையில் கூட்டம், ஆனாலும் எடுத்தாள். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினேன். அந்தப் பக்கம் மெல்லுகிற சத்தம் கேட்டது.

"அவரிட்டக் கேட்டனியோ?" என்றாள்.

"இன்னும் இல்லை."

"பிறகென்னத்துக்கு எனக்குப் போன் எடுத்தனி?" என்றுவிட்டு வைத்துவிட்டாள்.

நான் அவருக்கு முன்னால் நிலத்தில் முழந்தாளிட்டு இருந்தேன். "அண்ணை, நான் இதை முதல் நாளே கேட்டிருக்கவேணும். உங்கட தோள் தாழ்ந்து தெரியிறது உங்களுக்குக் கூச்சமோ?"

அவர் என்னை ஒரு விசரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "இதில கூச்சப்பட என்ன இருக்கு?"

"கண்ணாடியைப் பாக்காமல் நிண்டியள்."

"நான் பிள்ளையைப் பாத்துக்கொண்டு நிண்டன், தங்கச்சி. கண்ணாடிக் கரையில தெரிஞ்சவள். அப்பிடிச் சிரிச்சுக்கொண்டு நிண்டாள்." அவர் தன் இடது கையைப் பார்த்துச் சொன்னார். "நான் வேலையால வாற நேரம் பஸ் நிக்கிற இடத்துக்குத் தாயோட வந்து நிப்பாள். சின்னன். எந்தப் பக்கம் நிண்டாலும் இடப்பக்கம்தான் ஓடிவருவாள். அந்தக் கை தாழ்ந்து கிடக்கிறபடியால் அவளுக்கு எட்டும். இண்டைக்கும் அந்தக் கையைத்தான் பிடிக்கிறவள்."

மகள் திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பிறகேன் அண்ணை எனக்கு ஒண்டும் சொல்லேல்லை?"

"நீங்கள் ஆசையாச் செய்தியள். எப்பிடிச் சொல்லுறது?"

"கழட்டுங்கோ," என்றேன்.

கலியாணத்துக்குப் போனாலும் செத்தவீட்டுக்குப் போனாலும் கைப்பையில் ஒரு கத்தரி, ஊசி, மூன்று நிற நூல் வைத்திருங்கள். நான் வைத்திருந்தேன். இடது தோளின் உள் துணியை வெட்டித் திறந்து, கையையும் பிரித்து, என் இரண்டு கிழமை வேலையைப் பிய்த்து வெளியே எடுத்தேன். மூன்றடுக்குப் பஞ்சும் மேசையில் கிடந்தது. தோள் தொய்ந்தது. பஞ்சுக்காக நான் பெரிதாக வெட்டிய கையின் வாய் இப்போது தோளின் துளையைவிடப் பெரிதாய், பிதுங்கிக்கொண்டு நின்றது. அந்த மிச்சத்துணியை எங்கே ஒளிப்பது என்று ஒரு கணம் கை ஓடவில்லை. பிறகு, நான் வந்த புதிதில் வெட்கக்கேடு என்று நினைத்துப் பிரித்தெறிந்த அந்த நேப்பிள்ஸ்காரனின் சுருக்கு ஞாபகம் வந்தது.

ஒளிப்பானேன்? சின்னச் சின்னதாய்ச் சுருக்கிச் சுருக்கி உள்ளே விட்டேன். பெயர் தெரியாத அந்த மனிதனிடம் ஒவ்வொரு குத்துக்கும் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன். மகள் கோட்டின் கையை இழுத்துப் பிடித்தாள், "வெள்ளையில ஊசி படப்போகுது, தள்ளி நில் பிள்ளை" என்று நான் அதட்டிக்கொண்டே தைத்தேன். தம்பிக்காரன் கதவடியில் நின்று, "ஐஞ்சு நிமிஷம், ஐஞ்சு நிமிஷம்" என்று எவருக்கோ சொல்லிக்கொண்டிருந்தான். உள்ளே ஓர்கன் இசை தொடங்கிவிட்டது. கடைசி முடிச்சைப் பல்லால் கடித்து அறுத்தேன். வலது தோளுக்குச் சுருக்கு வைக்க நேரமில்லை, அது வழுவழுவென்று அப்படியே போயிற்று.

அவர் போட்டார். இடது தோள் தன் இடத்துக்கு இறங்கியது. கோட்டும் கூடவே இறங்கியது. மடிப்பு விழாமல் இல்லை, விழுந்தது, அக்குளடியில் இரண்டு. அவர் மூச்சை விட்டார், அறைக்குள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து இடப்பக்கம் நின்றாள். கையை மேலே தூக்காமலே அவர் கைக்குள் விட்டாள்.

நான் ஓடிப்போய் வாங்கில் இருந்தேன். அவர்கள் வந்தார்கள். தாழ்ந்த பக்கத்தில் அவள் தொங்கிக்கொண்டு, அவர் அவள் பக்கமாகக் கொஞ்சம் சரிந்துகொண்டு, அவசரமில்லாமல் நடந்தார்கள். யாராவது ஏதாவது குசுகுசுப்பார்கள் என்று காதைக் கூர்மையாக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த பெண் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்தான் கேட்டது. நானும்தான் உறிஞ்சினேன்.

பூசை முடிந்து வெளியே வெயிலில் நின்றோம். மாப்பிள்ளையின் தகப்பன், மினுங்குகிற கோட், கைநுனியில் கடைக்காரனின் துண்டு கழட்டாமல், நேரே என்னிடம் வந்தார். "நீங்களோ சம்பந்தியின்ர கோட் தைச்சது? உந்த இடப்பக்கம் மட்டும் சுருக்கு வைக்கிறது இத்தாலி ஸ்டைலோ?"

"ஓம், இத்தாலிதான்," என்றேன்.

"எனக்கும் உப்பிடி ஒண்டு செய்யவேணும். இடப்பக்கம் மட்டும்." அடுத்த மாதமே வந்தார். உங்கள் தோள் இரண்டும் நேர், உங்களுக்கு வேறு மாதிரித்தான் தைக்கவேண்டும் என்று சொல்லி விளங்கப்படுத்த நான் பட்ட பாடு! கடைசியில் அவரிடமும் கேட்டுத்தான் தைத்தேன். அன்றிலிருந்து வேலையை விடுகிற நாள் வரைக்கும், கண்ணாடிக்கு முன்னால் நின்ற ஒருவரையும் நான் கேட்காமல் விட்டதில்லை. எங்கள் ஆட்கள் என்றால் இரண்டு தரம் கேட்டேன், தண்ணீர் கேட்டால் மூன்றாம் தரமும் கேட்டேன்.

கலியாணத்தன்று நான் வீட்டுக்கு வெளிக்கிடுகிற நேரம் மன்னார் அண்ணை மகளோடு வந்தார். மகள் இன்னும் அந்தக் கையை விடவில்லை.

"தங்கச்சி, ஒண்டு சொல்லட்டோ? குறை நினைக்கக்கூடாது."

"சொல்லுங்கோ அண்ணை."

"நீங்கள் முந்தி வைச்ச பஞ்சு சரியே இல்லை. கழுத்தில வெட்டினது. மூச்சு விடேலாமல் கிடந்தது."

"அப்பா!" என்று மகள் பதறினாள்.

"நீ பேசாமல் இரு பிள்ளை," என்றேன். எத்தனையோ வருடமாக எங்கள் ஆட்களுக்குத் தைத்திருக்கிறேன். என் முகத்துக்கு நேரே ஒருவர் குறை சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்தது. "வேற ஏதும் இருக்கோ அண்ணை?"

அவர் யோசித்தார். மகளின் முகத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார்.

"ஓம்," என்றார். "காற்சட்டையும் கொஞ்சம் நீளம்."

குனிந்து பார்த்தேன். நீளம்தான்.